மாத்திரையா, மிட்டாயா

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குச் சுழலி என்று பெயர். இரத்தம் நிரப்பிய குழாய்களைச் சுற்றவிடும் எந்திரம் அவள் பொறுப்பில் இருந்ததால் வந்த பெயர் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது அவள் நடையைப் பார்த்து வைத்த பெயர். மேசைக்கும் குளிர்பெட்டிக்கும் நடுவே எட்டு அடி தூரம். அந்த எட்டு அடியை அவள் ஒருநாளும் நேராகக் கடந்தது கிடையாது. ஒரு சுற்று சுற்றித்தான் போவாள். கையில் பத்துக் குழாய் இருந்தாலும் அப்படித்தான். இதுவரை ஒன்றுகூடக் கீழே விழவில்லை என்பதால் யாரும் எதுவும் சொல்வதில்லை.

அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு ஆடாமல் அசையாமல் நின்றாள். ஹார்மோன் எந்திரத்தின் திரையில் அவளுடைய சொந்த இரத்தத்தின் முடிவு வந்திருந்தது. புரோஜெஸ்ட்ரோன், 14.6.

இந்த எண்ணின் அருமை புரிய வேண்டுமானால் அவளுடைய பழைய எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 0.3. 0.2. 0.4. மறுபடியும் 0.3. பதினாறு வாரமாக, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டின்படி, திங்கட்கிழமை தோறும் பக்கத்து மேசைக்காரியிடம் கையை நீட்டி இரத்தம் கொடுத்து, அதைத் தானே எந்திரத்தில் ஏற்றி, தானே முடிவைப் பார்த்து, தானே உதட்டைப் பிதுக்கிக்கொள்வாள். பதினாறு வாரத்தில் ஒருமுறைகூட அந்த எண் அரையைத் தாண்டியதில்லை.

அவளுக்கு நீர்க்கட்டி. அதாவது, எல்லோரும் நீர்க்கட்டி என்று சொல்லும் அது. அதில் கட்டி என்று எதுவும் இல்லை என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் சண்டை போடுவாள். சினைப்பைக்குள் முட்டைகளைச் சுமந்துகொண்டிருக்கும் சின்னச் சின்னப் பைகள், அவ்வளவுதான். மற்றப் பெண்களுக்கு மாதாமாதம் ஒரு பை மட்டும் முந்திக்கொண்டு வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே அனுப்பிவைக்கும். இவளிடம் பன்னிரண்டு பையும் பாதி வளர்ந்து நின்றுவிடும். எல்லாப் பெண்களின் சினைப்பையிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் ஊறத்தான் செய்கிறது. பையின் வெளிச்சுவர் அதைச் செய்யும், உள்சுவர் அதை வாங்கிப் பெண் ஹார்மோனாக மாற்றும். இவளிடம் வெளிச்சுவர் இராப்பகலாகச் செய்து தள்ளுகிறது, உள்சுவரோ சாவகாசமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. மாறாத சரக்கு தேங்கித் தேங்கி, எந்தப் பையும் முதிர்ந்து கிளம்புகிற பாடில்லை.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் கிளம்பும்போது, ‘சரி, அப்ப வரட்டுமா’ என்று வாசலில் நின்று அரைமணி நேரம் பேசுவார்களே, அந்தக் கதைதான். பன்னிரண்டு பேரும் செருப்பு மாட்டியாகிவிட்டது. ஒருவரும் படி இறங்குவதில்லை.

யாராவது ஒருவர் இறங்கிவிட்டால், அவர் காலி செய்துவிட்டுப் போன பை புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும். எண் மூன்றைத் தாண்டினால் ஒருவர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். 14.6 என்றால் கதவை ஓங்கிச் சாத்திவிட்டே போயிருக்கிறார்.

சுழலி முதலில் திரையைத் துடைத்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எண் அப்படியே இருந்தது. அவள் நின்ற இடத்திலேயே மூன்று சுற்று சுற்றினாள். அந்த அறிக்கையில் இன்னும் ஏழெட்டு வரிகள் இருந்தன. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்.

இவ்வளவு ஆட்டத்துக்கும் காரணம் இருந்தது. மூன்று வருடம் நான்கு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு தானாக வந்ததில்லை. மாத்திரை போட்டு வரவழைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. கடைசியில் டாக்டரம்மா ஒரு தேதி குறித்துவிட்டார். அடுத்த வாரம் செவ்வாய், காலை எட்டு மணி, வெறும் வயிறு. வயிற்றில் சின்னத் துளை வழியாகக் கருவியை விட்டு, ஒவ்வொரு சினைப்பையிலும் நான்கு இடத்தில் சுடுவது. ஆண் ஹார்மோன் செய்கிற சதை கொஞ்சம் குறைந்தால் மற்றதெல்லாம் வழிக்கு வரும்.

“பயப்படாதம்மா, நிறைய பேருக்கு நல்லா வேலை செய்யுது,” என்றார் டாக்டரம்மா. “ஆனா அதுக்குள்ள உன் சினைப்பை தானா ஒரு முட்டைய விட்டுச்சுன்னா எனக்கு இதுல வேலையே இல்ல. நான் வெளியூர் போறேன், அதுக்கு முந்தின நாள் திங்கக்கிழமை சாயங்காலம்தான் வருவேன். ஆறு மணிக்குள்ள எனக்கு ஒரு நிரூபணம் காட்டு, தேதிய ரத்து பண்ணிடுறேன்.”

ஊசிக்குப் பயந்தவளில்லை சுழலி. நாளைக்கு நாற்பது பேருக்குக் குத்துகிறவள். அவளுக்கு வேறு வருத்தம். அந்தப் பன்னிரண்டு பைகளும் மந்தமே தவிர, கெட்டவை இல்லை என்று அவளுக்கு ஓர் எண்ணம். படிப்பு ஏறாத பிள்ளைக்குச் சூடு போடுவதற்கு எந்த அம்மாவுக்கு மனசு வரும். தேதி குறித்த நாளிலிருந்து அவள் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு தர்றேன், மானத்தக் காப்பாத்துங்க,” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

இப்போது காப்பாற்றிவிட்டன.

அன்று காலை அவளிடம் இரத்தம் கொடுக்க வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற ஒரு மேஸ்திரி வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, “இன்னிக்கு வேணாம், நாளைக்கு வரேன்,” என்று எழுந்தார். “ஒக்காருங்கண்ணே, ஒரு நல்ல சேதி சொல்றேன்,” என்று அவள் ஆரம்பித்து, சினைப்பை, வெளிச்சுவர், உள்சுவர், வாசலில் நின்ற பன்னிரண்டு பேர் என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். சுவர் வேலை என்பதால் அவரும் ஆர்வமாகத் தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்தபோது குழாய் நிறைந்திருந்தது. “உள்சுவர்ல பூச்சு சரியில்லன்னா அப்படித்தாம்மா ஆகும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சந்தோஷத்திலும் வேலையில் குறை வைக்கவில்லை. ஊசி குத்துமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. வெறும் வயிறா. இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏதாவது உண்டா. முடிக்கோ நகத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா. நாற்பது பேரிடமும் நாற்பது முறை கேட்டாள். நடுநடுவே அங்கிப் பையில் கையை விட்டு, இளஞ்சிவப்பாகக் கரடி உருவத்தில் இருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். முந்தின செவ்வாய்க்கிழமை நாத்தனார் கொடுத்த டப்பாவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்தது. டப்பா வந்ததிலிருந்து நாளைக்கு ஆறேழு தின்பாள். அன்று கணக்கே இல்லை.

பத்தரைக்குக் கணவனுக்குப் போன் போட்டாள். அவன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடைக்கு வரும், எவ்வளவு தாமதம் என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் சொல்வது அவன் வேலை. எழுதிக்கொடுத்த வாசகத்தை விட்டு ஒரு வார்த்தைகூட அப்படி இப்படிப் பேசக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. பதினோரு வருடத்தில் அவன் ஒரு வார்த்தை பிசகியதில்லை. வீட்டில் மட்டும் அந்தக் குரலை அவளுக்காக எடுப்பான். அவர்கள் வீட்டில் மாதவிலக்குக்கு வண்டி என்று பெயர். கல்யாணமான புதிதில் அவள் அழுதுகொண்டிருந்த ஒரு நாள், “பயணிகளின் கவனத்திற்கு, வண்டி காலவரையின்றித் தாமதமாக வருகிறது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்,” என்று அவன் சொல்லி, அவள் அழுகையோடு சிரித்த நாளிலிருந்து அந்தப் பெயர்.

“என்னங்க, பதினாலு புள்ளி ஆறு.”

“எந்த வண்டி?” என்றான் வேலை ஞாபகத்தில்.

“நம்ம வண்டி.”

ஒலிபெருக்கியின் சுவிட்சை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டான். “அப்ப சிக்னல் விழுந்துடுச்சா?”

“விழுந்துடுச்சு. எண் இவ்வளவு ஏறினா அதுலேருந்து ஏழு நாள். அடுத்த திங்கக்கிழமை வண்டி தானா வந்து நிக்கும் பாருங்க.”

“நாலாம் மேடையில ஒரு வண்டி வந்து நிக்குது. அறிவிச்சுட்டு வந்து அழுறேன், லைன்லயே இரு,” என்றான் அவன்.

சாயங்காலம் நாத்தனார் மாடி ஏறி வந்தாள். கணவனுக்கு அக்கா. கீழ்த்தளத்தில் பெண்களுக்கான முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். வாய் அகலம், மனசு அதைவிட அகலம். சுழலிக்கு முன்நெற்றியில் முடி கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து, போன வாரத்திலிருந்து கடையில் விற்கும் கரடி மிட்டாய் டப்பாவை ஒன்று தீர்ந்ததும் இன்னொன்று என்று கொண்டுவந்து வைப்பவள் அவள்தான். விஷயத்தைக் கேட்டதும் தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“அப்ப புள்ளதான்.”

“அதெல்லாம் இப்ப இல்ல அண்ணி. எனக்கு மொதல்ல வண்டி வரணும்.”

“வண்டி வந்தா புள்ள எப்படி வரும்? என்னம்மா பேசுற நீ?”

“புள்ளைய அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி,” என்றாள் சுழலி. “மூணு வருஷமா என் உடம்பு எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. நான் மாத்திரையப் போட்டுக் கேட்டா மட்டும் ஒரு வார்த்தை பதில் சொல்லும். ஒரே ஒரு தடவ அதுவா வந்து எங்கிட்டப் பேசட்டும். அது போதும் எனக்கு.”

நாத்தனார் கொஞ்சம் யோசித்தாள். “சரி. வரணும்னு நீ வேண்டிக்க. வரக்கூடாதுன்னு நான் வேண்டிக்கிறேன். எது நடந்தாலும் நம்ம வீட்டுக்குத்தான் லாபம்,” என்று சொல்லிவிட்டு, புது டப்பா ஒன்றை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை சந்தேகம் வேலைக்குத் திரும்பினாள். பரிசோதனைக்கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் டாக்டர் அவள். சுழலியைவிட நான்கு வயது சின்னவள். திங்கட்கிழமை விடுப்பில் இருந்தாள். வெளியே போகிற ஒவ்வொரு அறிக்கையையும் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடமும் மணி கேட்கிற ஆள் என்பதால், சந்தேகம் என்பது எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர். அது அவளுக்கும் தெரியும். அவளுக்கு அதில் பெருமைதான்.

பதினோரு மணிக்குச் சுழலியைக் கூப்பிட்டாள். கையில் அந்த அறிக்கை.

“அக்கா, ஒக்காருங்க.”

“பாத்தீங்களா மேடம், பதினாலு புள்ளி ஆறு,” என்றாள் சுழலி, வாயெல்லாம் பல்லாக.

“பாத்தேன். அதுக்குக் கீழ பாத்தீங்களா?”

சுழலி கீழே பார்த்தாள். ஆண் ஹார்மோன் வழக்கத்தைவிட நான்கு மடங்கு. தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் கிட்டத்தட்டப் பூஜ்யம். எப்போதும் உச்சத்தில் நிற்கிற எல்.ஹெச்., அதாவது முட்டையை வெளியே தள்ளும் ஹார்மோன், தரையில் கிடந்தது.

“இந்த ரிப்போர்ட்டு நிஜம்னா,” என்றாள் சந்தேகம், “ராத்திரியோட ராத்திரியா உங்களுக்கு மீசை மொளச்சு, நெஞ்சு படபடன்னு அடிச்சு, நேத்தே உங்கள அவசரப் பிரிவுல சேத்திருக்கணும். நீங்க என்னடான்னா சுத்திக்கிட்டிருக்கீங்க. ஏற வேண்டிய வகையெல்லாம் ஒண்ணா ஏறியிருக்கு, எறங்க வேண்டிய வகையெல்லாம் ஒண்ணா எறங்கியிருக்கு. இது எதோட வேலைன்னு உங்களுக்கே தெரியும். முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?”

அது சுழலி நாற்பது முறை கேட்கிற கேள்வி. அவர்களுடைய எந்திரம் இரத்தத்திலிருக்கும் ஹார்மோனைப் பிடித்து நிறுத்துவதற்குப் பசையாகப் பயன்படுத்துவது பயோட்டின் என்ற வைட்டமினை. முடி வளர்வதற்கான சரக்கில் அதே பயோட்டின்தான் மூட்டையாக இருக்கும். இரத்தத்தில் அது நிறைந்து கிடந்தால் எந்திரம் ஏமாந்துபோய் சில எண்களைப் பொய்யாக ஏற்றும், சிலவற்றைப் பொய்யாக இறக்கும். ஏறுகிற பட்டியலில் புரோஜெஸ்ட்ரோனும் உண்டு.

“சேச்சே, மாத்திரையெல்லாம் கிடையாது மேடம்,” என்றாள் சுழலி, வாயிலிருந்த மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

“வாயில என்ன?”

“இதுவா? இது மிட்டாய்.”

சொல்லி முடிக்குமுன்பே அவளுக்கு உறைத்துவிட்டது. வாய் மென்ற நிலையிலேயே நின்றது. அங்கிப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். இளஞ்சிவப்புக் கரடி இருவரையும் பார்த்துச் சிரித்தது. சந்தேகம் அதை முகர்ந்து பார்த்தாள்.

“எத்தன?”

“ஒரு வாரமா நாளைக்கு ஆறேழு. நேத்து… நேத்துப் பதினஞ்சு இருக்கும் மேடம். சந்தோஷத்துல.”

“ஒண்ணு சாப்பிடச் சொல்லித்தான் டப்பாவுல போட்டிருப்பான் அக்கா.”

சுழலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. மாத்திரை மாத்திரை என்று ஊரையெல்லாம் கேட்டவள், மிட்டாய் என்று பெயர் மாற்றி வந்ததைக் கோட்டை விட்டுவிட்டாள். மேஸ்திரியிடம் வேறு சொல்லியாயிற்று. வாசலில் ஒருவரும் படி இறங்கவே இல்லையோ என்னவோ. எல்லாம் கரடி செய்த வேலை.

“அப்படி இல்லாமலும் இருக்கலாம்,” என்றாள் சந்தேகம். அவள் வாயிலிருந்து ஆறுதல் வந்தால்கூட அது சந்தேகமாகத்தான் வரும். “பாதி பொய்யா, முழுப் பொய்யான்னு இந்த எண்ண வச்சுச் சொல்ல முடியாது. மிட்டாய நிறுத்திட்டு மறுபடி ரத்தம் எடுக்க மூணு நாளாவது ஆகணும். அதுக்குள்ள நிஜ ஹார்மோனே எறங்க ஆரம்பிச்சுடும். ஒண்ணு செய்யலாம். உங்க நேத்து ரத்தம் எங்க?”

எந்த இரத்தமானாலும் ஏழு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்பது அங்கே வழக்கம். சுழலி ஓடினாள். முதல்முறையாகச் சுற்றாமல் நேராக ஓடினாள். மூன்றாம் தட்டில், நாற்பது குழாய்களுக்கு நடுவில், அவள் குழாய் பத்திரமாக நின்றது.

“பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பிடலாம்,” என்றாள் சந்தேகம். “அவங்க எந்திரம் வேற மாதிரி, இந்த வைட்டமினுக்கெல்லாம் ஏமாறாது. ஆனா இந்த டெஸ்ட்ட அவங்க திங்கக்கிழமை மட்டும்தான் ஓட்டுவாங்க. மத்தியானம்தான் பதில் வரும்.”

திங்கள் மத்தியானம் பதில். திங்கள் ஆறு மணி கெடு. செவ்வாய் எட்டு மணிக்குச் சூடு. சுழலி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். 14.6-இல் கொஞ்சமாவது நிஜம் இருந்தால் வண்டி வர வேண்டியதும் அதே திங்கட்கிழமைதான்.

அன்றைக்கே சந்தேகம் சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினாள். முடிக்கோ நகத்துக்கோ மாத்திரையோ மிட்டாயோ பொடியோ சாப்பிடுகிறீர்களா. புதன்கிழமை நாற்பது பேரில் ஒன்பது பேர், “ஆமா, மிட்டாய் உண்டு,” என்றார்கள். இத்தனை நாளும் எத்தனை கரடிகள் தப்பித்துப் போயிருக்குமோ என்று சந்தேகம் தலையில் கைவைத்துக்கொண்டு, பழைய அறிக்கைகளையெல்லாம் எடுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஏமாந்துபோனோம் என்று துவண்டு கிடக்க வேண்டிய வாரம் அது. ஆனால் சுழலியின் கால்கள் கேட்கவில்லை. தலை ‘அடங்கு’ என்று சொல்லும், கால் ஒரு சுற்று சுற்றிவிடும். வியாழக்கிழமை பக்கத்து மேசைக்காரி பேனாவைக் கேட்டதற்கு, “உனக்குன்னு ஒரு பேனா வாங்கக் கையா வலிக்குது?” என்று எரிந்து விழுந்தாள். விழுந்துவிட்டு அவளையே கட்டிப்பிடித்துக்கொண்டாள். “எனக்குக் கோவம் வருதுடி. காரணமே இல்லாம கோவம் வருது. வர்றதுக்கு முன்னாடி உனக்கெல்லாம் வருமே, அந்தக் கோவம்.” பக்கத்து மேசைக்காரி பேனாவையும் எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை தாடையில் ஒரு பரு. சனிக்கிழமை மார்பு கனத்தது. தெருவில் யாரோ எறிந்துவிட்டுப் போன உடைந்த குடையைப் பார்த்து அழுகை வந்தது. ஒவ்வொன்றையும் கணவனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

“வண்டி எங்க இருக்கு?” என்பான் அவன்.

“அவுட்டர் சிக்னல்ல நிக்குது.”

நாத்தனார்தான் பாவம். விவரம் தெரிந்ததும் மாடிக்கு வந்து டப்பாக்களையெல்லாம் மடியில் அள்ளிக்கொண்டாள். “முடி வளரட்டும்னு குடுத்தேன். உன் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டேனே,” என்று மூக்கை உறிஞ்சினாள். “நான் வேண்டினத வாபஸ் வாங்கிக்கிறேன். வண்டி வரட்டும். நீ கேட்ட மாதிரியே வரட்டும்.” இறங்கும்போது படியில் நின்று ஒரு கரடியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், வீணாகக் கூடாது என்று.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. அவள் ஏழு முறை குளியலறைக்குப் போய் வந்தாள். எட்டாவது முறை கணவன் கதவுக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமினான். அறிவிக்க ஒன்றுமில்லாமல் திரும்பிப் போனான். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய பையை அவள் எடுத்து வைத்தாள். மாற்றுத்துணி, துண்டு, பழைய அறிக்கைகள். 0.3, 0.2, 0.4. அவற்றைப் பார்க்கப் பார்க்க நம்பிக்கை கரைந்தது. அடிவயிற்றில் கையை வைத்து, “பரவாயில்ல, உங்கமேல எனக்குக் கோவம் இல்ல,” என்றாள்.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனாள். எட்டு, ஒன்பது, பத்து. மேஸ்திரி தன் முடிவை வாங்க வந்தார். “கிளம்பினவரு பத்திரமா போய்ச் சேந்தாராம்மா?” என்று விசாரித்தார். “தெரியலண்ணே,” என்றாள். அவர் உதட்டைப் பிதுக்கி, “பூச்சு காய நேரம் குடுக்கணும்மா,” என்றார்.

பதினொன்றே காலுக்கு இடுப்பில் ஒரு மெல்லிய பிசைவு. கழிப்பறைக்குப் போனாள்.

வெளியே பக்கத்து மேசைக்காரி ஐந்து நிமிடம் பொறுத்தாள். பிறகு கதவைத் தட்டினாள். உள்ளே சிரிப்புச் சத்தம். அழுகை மாதிரியும் இருந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு யாரோ குதிக்கிற மாதிரியும் இருந்தது.

சுழலி கதவைத் திறந்தபோது எதிரே சந்தேகம் நின்றாள். அவள் கையில் ஒரு தாள். மத்தியானம் வர வேண்டியது முன்னாலேயே வந்துவிட்டது.

“அக்கா, பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து…”

“சொல்லாதீங்க மேடம். நானே சொல்றேன். மூணுக்கு மேல.”

சந்தேகம் தாளைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “பத்து புள்ளி ஒண்ணு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“வண்டி வந்துடுச்சு மேடம்.”

“நிச்சயமா?” என்றாள் சந்தேகம், பழக்கதோஷத்தில். கேட்டுவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. மூன்று பேரும் அந்தக் குறுகலான வராந்தாவில் கைகோத்துச் சுற்றியதை அங்கே காத்திருந்த நாலைந்து பேர் பார்த்தார்கள். இந்த இடத்தில் இரத்தம் கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் எழுந்து யோசித்தார்.

தாளைப் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பி, மிட்டாய்க் கதையையும் வண்டி வந்த விஷயத்தையும் எழுதினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. “தேதி ரத்து. அடுத்த மாதமும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் வழி தெரிந்துவிட்டது. நான் சொன்ன தினசரி நடையை விடாதே, மிட்டாயை விடு.”

அடுத்த மாதம் வருமா என்று சுழலிக்கும் தெரியாது. மறுபடியும் பன்னிரண்டு பேரும் வாசலில் நின்று பேச்சை ஆரம்பித்துவிடலாம். பரவாயில்லை. ஒருத்தி யாரும் பிடித்துத் தள்ளாமல், சூடு போடாமல், தன் காலால் படி இறங்கிவிட்டாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். மூச்சு மட்டும் போயிற்று.

“வந்துடுச்சா?” என்றான் அவன்.

“ம்.”

“தானாவா?”

“தானா. சொன்ன தேதியில, பதினொண்ணே காலுக்கு.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். “போன வைக்காத,” என்றான். பிறகு அவள் அறிந்த அந்த மணியோசை கேட்டது. அறிவிப்புக்கு முன்னால் நிலையம் முழுக்க மூன்று முறை ஒலிக்கும் மணி. அவள் காதைப் போனோடு அழுத்திக்கொண்டாள்.

“பயணிகளின் கவனத்திற்கு,” என்றது அவன் குரல், ஐந்து மேடைகளிலும் மோதி எதிரொலித்துக்கொண்டு. “மூன்று வருடம் நான்கு மாதம் தாமதமாகியிருந்த வண்டி, இன்று பதினோரு மணி பதினைந்து நிமிடத்துக்குத் தானாகவே வந்து சேர்ந்தது.”

எழுதிக்கொடுத்த வாசகப்படி அடுத்து வர வேண்டியது, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்பது. பதினோரு வருடமாக நாளைக்கு ஐம்பது தடவை அவன் சொன்ன வாசகம். அவன் அங்கே நின்றான். மூச்சு இழுப்பது ஒலிபெருக்கியில் கேட்டது.

“யாரும் வருந்த வேண்டியதில்லை,” என்றான்.

பிறகு எந்த மேடையிலோ யாரோ கைதட்டினார்கள். எந்த வண்டி என்று தெரியாமலேயே, ஒரு வண்டி வந்து சேர்ந்த சந்தோஷத்தில், இன்னும் கொஞ்சம் பேர் சேர்ந்துகொண்டார்கள்.